நியூயார்க்கில் கேட்டால்தான் வரவேற்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பெருநகரங்களில் பக்கத்து வீட்டுக்காரர்கூட முகம் கொடுத்துப் பேச மாட்டார், புதிதாக வந்தவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்ற குறை தமிழ் ஏடுகளில் அடிக்கடி வருகிறது. நியூயார்க்கைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. அங்கே யாரும் வலிய வந்து அழைக்க மாட்டார்கள். போய்க் கேட்டால் மறுப்பவர்களும் குறைவு. எங்கே, எப்படி, எந்தக் காகிதத்தோடு கேட்பது என்று தெரியாமல் முதல் குளிர்காலம் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே கழிக்கும் குடும்பங்கள் ஏராளம். குழந்தைகளோடு குயின்ஸ் பகுதிக்கு வந்து சேரும் தமிழர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் போக வேண்டிய இடம் நூலகம். நகரில் மூன்று பொது நூலக அமைப்புகள் உண்டு: குயின்ஸுக்கு ஒன்று, புரூக்ளினுக்கு ஒன்று, மன்ஹாட்டன், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. வெளிநாட்டிலிருந்து குடியேறுபவர்களுக்கென்றே குயின்ஸ் நூலகம் 1977-இல் ஒரு தனித் திட்டம் தொடங்கியது. உறுப்பினர் அட்டை இலவசம். புத்தகத்தைத் தாமதமாகக் கொடுத்தால் விதிக்கும் அபராதத்தை மூன்று அமைப்புகளும் 2021-இல் எடுத்துவிட்டன. ஆங்கில வகுப்புகளும் இலவசம்தான். ஆனால் நினைத்த நாளில் சேர முடியாது. பருவத் தொடக்கத்தில் பதிவு செய்து, நிலை அறியும் தேர்வு எழுத வேண்டும். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நடுவில் போய்க் கேட்டு, "இடம் இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் அடுத்த பதிவு எப்போது என்று கேட்காமலே வந்துவிடுகிறார்கள். அந்தத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுவரை ஆங்கில உரையாடல் குழுக்களுக்குப் போகலாம். பெரும்பாலும் பதிவு தேவைப்படாது. நகராட்சியும் 'வீ ஸ்பீக் என்ஒய்சி' என்ற பெயரில் இத்தகைய குழுக்களை இலவசமாக நடத்துகிறது.

உள்ளூர்க்காரர்களின் வரவேற்பு உண்மையில் நடக்கிற இடம் இந்த உரையாடல் குழுக்கள்தான். மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். தன்னார்வலர் ஒருவர் பேச்சைத் தொடங்கிவைப்பார். சந்தையில் காய்கறி விலை, ரயில் நின்றுபோனது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது என்று அன்றாட விஷயங்கள்தான் பேசப்படும். நம்மவர்கள் இங்கே செய்யும் தவறு இரண்டு. தெரிந்த தமிழரின் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாதி நேரம் தமிழில் பேசிவிடுவது ஒன்று. ஒரு வாரம் போய்விட்டு, "ஒன்றும் பயனில்லை" என்று நின்றுவிடுவது இன்னொன்று. நடத்துபவருக்கு உங்கள் பெயரும் முகமும் பழக மூன்று நான்கு வாரமாவது ஆகும். பழகியபின், பல் மருத்துவர் யார், பழைய குளிர்கோட்டு மலிவாக எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். போகும்போது கேட்பதற்கு இரண்டு கேள்விகளை எழுதி எடுத்துப் போனால் வாய் தானாகத் திறக்கும்.

குயின்ஸின் ஜாக்சன் ஹைட்ஸ் வட்டாரத்தில் உள்ள 34-ஆவது அவென்யூவையும் சொல்ல வேண்டும். 2020-இல் கொரோனா காலத்தில் 26 தெருத்தொகுதி நீளத்துக்கு வாகனங்களைக் கட்டுப்படுத்தி, நடப்பதற்கும் விளையாடுவதற்கும் திறந்துவிட்ட சாலை அது. தொடக்கத்தில் தடுப்புகளைக் காலையில் வைத்து மாலையில் எடுத்தவர்கள் அந்தத் தெருக்காரர்களே. அவர்களே அந்தச் சாலையிலேயே ஆங்கில வகுப்பும் உடற்பயிற்சியும் நடத்தினார்கள். குழந்தையைச் சைக்கிள் ஓட்ட விட்டுவிட்டு அரை மணி நேரம் அங்கே நின்றால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். தெருவிருந்து நடக்கும்போது உணவு கொண்டு போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு: முந்திரி, வேர்க்கடலை ஒவ்வாமை உயிரையே பறிக்கக்கூடியது என்பதால் இங்கே அதில் மிகுந்த கவனமாக இருப்பார்கள். எலுமிச்சைச் சோற்றில் கடலையையும் கேசரியில் முந்திரியையும் தவிர்த்துவிடுங்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிப் பாத்திரத்தின் முன்னால் வையுங்கள். சீட்டில்லாத பாத்திரம் தொடப்படாமலே கிடக்கும். நம் சமையல் பிடிக்கவில்லை என்று பலர் அதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து நகர அடையாள அட்டை. 'ஐடிஎன்ஒய்சி' எனப்படும் இது 2015-இல் வந்தது. 10 வயது நிரம்பிய எவரும் பெறலாம். கட்டணமில்லை, விசா நிலையைக் கேட்பதுமில்லை. காட்டும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் புள்ளிகள் உண்டு. மொத்தம் 4 புள்ளிகள் வேண்டும்: அடையாளத்துக்கு 3, முகவரிக்கு 1. அடையாளத்துக்குரிய மூன்றையும் பாஸ்போர்ட்டே தந்துவிடும். நம் குடும்பங்கள் தடுக்கி விழுவது அந்த நாலாவது புள்ளியில். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு எல்லாம் கணவர் பெயரில் இருக்கும். மனைவியின் பெயரில் ஒரு காகிதமும் இருக்காது. வந்த முதல் மாதத்திலேயே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், அல்லது ஒரு தொலைபேசி இணைப்பை மனைவி பெயரில் எடுங்கள். ரசீதும் வங்கி அறிக்கையும் 60 நாள்களுக்குள் வந்ததாக இருக்க வேண்டும். பல இடங்களில் முகவரிச் சான்றாக இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள் என்பதால் இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பள்ளி விஷயத்தில் பயம் வேண்டாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தக் குழந்தைக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நியூயார்க்கில் பள்ளித்துறையின் குடும்ப வரவேற்பு மையத்துக்கு இரண்டு முகவரிச் சான்று, குழந்தையின் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றோடு போக வேண்டும். சிக்கல் வருவது தடுப்பூசியில்தான். நம் ஊர் அரசு அட்டவணையில் தட்டம்மை–ரூபெல்லா முதல் ஊசியை 9 மாதத்தில் போடுகிறார்கள். நியூயார்க்கில் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டது மட்டும்தான் கணக்கு. அதோடு, இங்கே கேட்பது பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசி. அரசு ஊசியில் அது இல்லை. சின்னம்மை ஊசி இரண்டு தவணை கேட்பார்கள். அதுவும் நம் அரசு அட்டவணையில் கிடையாது. மஞ்சள் காமாலை பி ஊசியின் கடைசித் தவணை 24 வாரம் நிரம்பிய பிறகு போட்டிருக்க வேண்டும். ஊரில் 14-ஆவது வாரத்தோடு முடித்துவிடுகிறார்கள். 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த போலியோ சொட்டு மருந்தும் இங்கே எண்ணப்படாது. எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக வரும் பெற்றோர், பள்ளிச் செவிலியர் விடுபட்டவற்றைப் பட்டியலிடும்போது திகைத்துப்போகிறார்கள். பிள்ளையை உடனே திருப்பி அனுப்ப மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு 30 நாள் வரை அவகாசம் உண்டு. அதற்குள் ஊசியைத் தொடங்கியாக வேண்டும்.

சேர்க்கையின்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். "தமிழ் என்று எழுதினால் பிள்ளையைக் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்கள்" என்று அஞ்சி ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாரும் கீழே இறக்குவதில்லை. தமிழ் என்று எழுதினால் பிள்ளையோடு பேசிப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மட்டும் தேர்வு வைத்து, ஆங்கிலத்துக்குத் தனிக் கவனம் தருவார்கள். பொய்யாக எழுதினால் அந்த உதவி நழுவிவிடும். படிவம் புரியாவிட்டால் பள்ளியின் பெற்றோர் ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அந்த வட்டாரத்தை நன்கு அறிந்தவராக இருப்பார்.

நகர அலுவலகங்கள் முக்கியக் காகிதங்களை மொழிபெயர்க்கும் பத்து மொழிகளில் வங்காளமும் உருதுவும் உண்டு, தமிழ் இல்லை. ஆனால் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரைத் தமிழிலும் கேட்கலாம். நகராட்சியின் உதவி எண்ணான 311-இல் 175-க்கும் மேற்பட்ட மொழிகளில் உதவி கிடைக்கிறது. இந்தியர் என்றதும் சிலர் இந்தி மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடுவார்கள். மரியாதைக்காக "சரி, சரி" என்று தலையாட்டிவிடும் நம் பெரியவர்கள் மருந்தின் அளவைப் புரிந்துகொள்ளாமலே வீடு திரும்புகிறார்கள். "தமிழ்" என்று உறுதியாகச் சொல்லிக் காத்திருக்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மருத்துவமனையில் பத்து வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது மட்டும் கூடவே கூடாது.

அடுக்குமாடி வீட்டில் குளிர்ந்தால் போர்வைக்குள் சுருண்டு கிடக்க வேண்டியதில்லை. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், காலை 6 முதல் இரவு 10 வரை வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும். இரவில் 62. இது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. மலிவான வெப்பமானி ஒன்று வாங்கி, நேரத்தையும் அளவையும் எழுதிவைத்து, முதலில் கட்டடப் பராமரிப்பாளரிடம் சொல்லுங்கள். பிறகு 311. அதற்கு முன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் வீட்டிலும் குளிர்கிறதா?" என்று கேளுங்கள். பல வீடுகளிலிருந்து புகார் போனால் அதற்கு எடை கூடும். அண்டை வீட்டாரின் பழக்கம் இப்படித்தான் பலருக்குத் தொடங்குகிறது.

குயின்ஸின் ஃபிளஷிங் வட்டாரத்தில், பவுன் தெருவில் 1977-இல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோயில் நம்மவர்களுக்குத் தாய்வீடு. தோசையும் தமிழ்ப் பேச்சும் அங்கே கிடைக்கும். ஆனால் வாரம் தவறாமல் கோயிலுக்குப் போய்விட்டு, வேறெங்கும் கால் வைக்காமல் திரும்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். 1657-இல் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினருக்கு இடம் தரக் கூடாது என்று டச்சு ஆளுநர் ஸ்டைவெசண்ட் தடை போட்டபோது, அதை எதிர்த்து 30 பேர் கையெழுத்திட்டு மனு எழுதிய ஊர் இந்த ஃபிளஷிங். அவர்களில் ஒருவர்கூடக் குவேக்கர் இல்லை. 1662-இல் தம் வீட்டில் குவேக்கர்களைக் கூட விட்டதற்காகக் கைதாகி நாடு கடத்தப்பட்ட ஜான் பவுனின் வீடு அதே தெருவில் இன்றும் நிற்கிறது. கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். குடும்பங்கள் கோடை விடுமுறையில் புறப்படத் தயாராகும் ஏப்ரல், மே மாதங்களில் தடுப்பூசி பற்றிய குறிப்பை மட்டுமாவது தனியாக வெளியிடுங்கள். விடுபட்ட ஊசிகளை ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஊசியின் பெயரும் தேதியும் ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கைப்பையில் எடுத்து வரட்டும். பெட்டிக்குள் வைத்தால், பெட்டி தவறும்போது பதிவும் போய்விடும்.

இப்படிக்கு,
குயின்ஸ் வாழ் தமிழ் வாசகர்கள்,
நியூயார்க்