ஊர் விளையாட்டு மன்றம், பாலக்கோடு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளருக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பதினோரு மாதக் கூட்டங்கள் நடந்தன. நவம்பரில் மழையால் கூட முடியவில்லை. கபடி அணிக்குப் புது உடை வாங்கினோம். பொங்கல் விளையாட்டு விழா வழக்கம்போல் ஏரிக்கரை மைதானத்தில் நடந்தது. மற்ற வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பிப்ரவரிக் கூட்டத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இத்தாலியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்த மாதம் அது. உயரமான சரிவில் சறுக்கி வந்து, காற்றில் பறந்து, தூரத்தில் இறங்கும் ஸ்கை ஜம்பிங் எனும் பனிச்சறுக்குத் தாண்டலைப் பற்றிப் பேசச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டார்கள். பனியையே பார்க்காத ஊரில் இது எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நீளம் தாண்டுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று நினைத்தேன்.

தாண்டும் இடம் மேல்நோக்கி வளைந்திருக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். இல்லை, அது கீழ்நோக்கிச் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரிய சறுக்குத் தளத்தில் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சரியான நொடியில் காலை உந்தி எழ வேண்டும். தொப்பூர் கணவாயில் வண்டி இறக்கியவர்களுக்கு அந்த வேகம் புரியும். இறங்கும் சரிவும் பறக்கும் பாதையை ஒட்டியே சாய்ந்திருப்பதால் தரையில் மோதும் அடி குறைகிறது. தூரத்துக்குப் புள்ளி உண்டு. அப்புறம் ஐந்து நடுவர்கள் அழகுக்குத் தலா 20 வரை போடுவார்கள். அதில் மிக அதிகமானதும் மிகக் குறைவானதும் கழிந்துபோகும்.

அந்த அழகுப் புள்ளி ஒருவரைப் பல காலம் வாட்டியது. ஸ்வீடனின் யான் போக்லோவ் 1980களில் இரண்டு சறுக்குக் கட்டைகளையும் இணையாக வைக்காமல் முன்பக்கம் விரித்துப் பறந்தார். காற்று உடம்பையும் சேர்த்துத் தாங்கியது, தூரம் கூடியது. நடுவர்களோ புள்ளியைக் குறைத்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை, 1988–89இல் உலகக் கோப்பையையே வென்றார். 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் 16 வயது ஃபின்லாந்துப் பையன் டோனி நியமினன் அதே பாணியில் தங்கம் வாங்கினான். இன்று எல்லோரும் அப்படித்தான் பறக்கிறார்கள்.

பெண்களுக்கும் இந்தப் போட்டி உண்டா என்று பெண் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1911லேயே ஆஸ்திரியாவின் பவுலா லாம்பெர்க் 22 மீட்டர் தாண்டியிருக்கிறார். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு இந்தப் போட்டி 1924லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 2014 வரை, 90 ஆண்டு, வழி இல்லை. 2009இல் வீராங்கனைகள் கனடாவின் வான்கூவர் நீதிமன்றத்துக்கே போனார்கள். இது பாகுபாடுதான், ஆனால் ஒலிம்பிக் குழுவுக்கு உத்தரவிட எங்களால் முடியாது என்று தீர்ப்பு வந்தது. பெரிய தளப் போட்டி பெண்களுக்கு இந்த ஆண்டுதான் கிடைத்திருக்கிறது. இதைச் சொன்னபோது மாணவிகள் பக்கம் சத்தமே இல்லை.

கூட்டத்தில் எல்லோரையும் தொட்டது ஆண்டர்ஸ் ஹாகன் கதை. 1924இல் பிரான்ஸின் சாமொனியில் நடந்த ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தாண்டினார். அவருக்கு 17.916 புள்ளி, நான்காம் இடம். நார்வேயின் தோர்லைஃப் ஹாகுக்கு 18.000, வெண்கலம். உண்மையில் ஹாகுக்குச் சேர வேண்டியது 17.821தான். கூட்டியதில் பிழை. ஐம்பது ஆண்டு கழித்து நார்வேக்காரர்களே அதைக் கண்டுபிடித்தார்கள். ஹாக் அப்போது உயிரோடு இல்லை. 1974இல் ஆஸ்லோவில், எண்பதைக் கடந்த ஹாகனிடம் அந்தப் பதக்கத்தைக் கொடுத்தவர் ஹாகின் மகள்.

அன்று வீட்டுக்குப் போனதும் பொங்கல் விழாவின் அளவுத் தாள்களை எடுத்தேன். மைதானத்தில் எழுதியதையும் நான் நகலெடுத்ததையும் வரி வரியாக ஒப்பிட்டேன். சிறுமியர் நீளம் தாண்டுதலில் ஒரு பிள்ளை தாண்டியது 3.62 மீட்டர், நான் 3.52 என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் பரிசு 3.58க்குப் போய்விட்டது. பிழை முழுக்க என்னுடையது.

மறுநாளே தலைவரிடம் சொன்னேன். மார்ச் முதல் ஞாயிறன்று இருவரும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். தக்காளி பறிக்கப் போயிருந்த அவளுடைய அம்மா திரும்பி வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்து, அவர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டோம். “எனக்கு அப்பவே தெரியும் சார், டேப்பை நானும் பார்த்தேன்” என்றாள் அவள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க எழுதிட்டீங்களே” என்றாள். அந்தப் பதில் இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

முதலில் பரிசு வாங்கிய பிள்ளையிடம் கோப்பையைத் திருப்பிக் கேட்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கினோம். செலவு 350 ரூபாய். என் கையிலிருந்து தர முன்வந்தேன், மன்றம் ஏற்கவில்லை. பதிவேட்டில் பழைய எண்ணை அழிக்காமல், பக்கத்தில் சரியான எண்ணை எழுதித் தலைவரும் நானும் கையெழுத்திட்டிருக்கிறோம்.

அடுத்த விழாவிலிருந்து ஒவ்வொரு அளவையும் தாண்டிய பிள்ளைக்கு அங்கேயே உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை முன்வைக்கிறேன். மணல் குழியைச் சீரமைக்க இரண்டு டிராக்டர் மணல் தேவைப்படுகிறது. தர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்