சயனைடு மேட்டில் கை வைக்கும் முன்

ஒன்றிய சுரங்க அமைச்சகத்துக்கும் கர்நாடக அரசுக்கும்,

வணக்கம். கோலார் தங்கவயலில் சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த 13 சயனைடு மேடுகள், அவை கிடக்கும் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், அந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கம் என்று எல்லாக் கணக்கும் உங்களிடம் இருக்கும். அந்த மேடுகளைத் தோண்டி மிச்சத் தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் மாநில அமைச்சரவை சம்மதம் தந்த செய்தி வந்தபோது, சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் பலருக்குச் சந்தோஷம்தான், பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைக்குமே என்று. எனக்கும்தான். ஆனால் கணக்கில் ஏறாத ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸ் மூடிய பிறகு எங்கள் ஊர் ரயிலை நம்பித்தான் பிழைக்கிறது. விடிவதற்குள் கிளம்பி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டும் நேரத்தில் திரும்புகிறோம். பங்காருபேட்டை தாண்டி மாரிகுப்பம் போகும் கிளைப் பாதையில் வண்டி திரும்பினதும் எல்லாருடைய கண்ணும் ஜன்னலுக்குப் போகும். மழை அரித்து அரித்து வரி வரியாகக் கிடக்கும் மேட்டின் சரிவில் கடைசி வெயில் விழும், பள்ளங்களில் மட்டும் நிழல் தங்கியிருக்கும், அதற்குப் பின்னால் கல் குன்றுகள், நடுவே தைல மரங்களும் காய்ந்த புல்வெளியும், அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் நாலைந்து வெளிமான்கள். வீடு வந்துவிட்டது என்று அப்போதுதான் மனசுக்குப் படும், ஸ்டேஷன் வந்த பிறகு அல்ல.

எங்கள் ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததைச் சொல்வார்கள், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் என்பார்கள். இந்தக் காட்சியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, மேடு நல்லது என்று நான் வாதாட வரவில்லை. பாறையை அரைத்து, சயனைடில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண் அது. ஆடிக் காற்று கிளம்பினால் அந்தத் தூள் சோற்றுப் பானை வரைக்கும் வரும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆனால் அந்த மண் தானாக மேலே வரவில்லை. எங்கள் தாத்தாக்கள் பாதாளத்திலிருந்து வெட்டி அனுப்பியது. அதே பாறைத் தூசியை நெஞ்சில் வாங்கி இருமி இருமியே போனவர்கள் எத்தனையோ பேர். 120 வருஷத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போயிற்று. அவர்கள் உழைப்பில் ஊரோடு நின்றது இந்த மேடுகள்தான்.

அதனால் தோண்டாதீர்கள் என்று கேட்கவில்லை. தோண்டும்போது தூசி பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், 13இல் ஒன்றையாவது விட்டுவையுங்கள், மேலே நல்ல மண் போட்டுப் புல் வளர்த்து, பிள்ளைகள் பயமில்லாமல் ஏறிப் பார்க்கும்படி. ஷாஃப்ட்டுகளின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழிகளின், மேல் நிற்கும் சக்கரக் கோபுரங்களைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும்விட, லைன் வீடுகளுக்கும் குன்றுகளுக்கும் நடுவில் இருக்கும் வெட்டவெளியைத் தொழிற்பேட்டை என்ற பேரில் காம்பவுண்டு சுவர் வைத்து அடைத்துவிடாதீர்கள். பத்துக்குப் பத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணை நீட்டிப் பார்க்க இருந்த இடம் அது ஒன்றுதான், மான்களுக்கும் போக வேறு இடமில்லை.

முடிவெடுக்கும் முன் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தை மாரிகுப்பத்திலேயே வையுங்கள், கன்னடத்திலும் தமிழிலும் பேசுங்கள். வார நாளில் காலை பதினொரு மணிக்கு மட்டும் வைக்காதீர்கள், அந்த நேரத்தில் ஊரில் யாரும் இருக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் நல்லது, வெயில் மேட்டில் விழுவதை நீங்களும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ரயிலில் போய்வரும் ஒரு தங்கவயல்காரன்