கிடைத்த போனை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

மதிப்பிற்குரிய தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஜனங்கள் குடையை விடுவார்கள், டிபன் பாக்ஸை விடுவார்கள். இப்போது போனையும் விடுகிறார்கள்.

சென்ற வாரம் பெஞ்சுக்கு அடியில் ஒன்று கிடந்தது. உறைக்குள் மடித்த மருந்துச் சீட்டு, திரையில் ஒரு கைக்குழந்தை. எப்படியும் கூப்பிடுவார்கள் என்று கல்லாப்பெட்டி மேலேயே வைத்தேன். மத்தியானம் அடித்தது. வடைச் சட்டியை விட்டு வருவதற்குள் நின்றுவிட்டது. திரையில் ‘வீடு’ என்று மட்டும் இருந்தது, எண் இல்லை. திருப்பிக் கூப்பிடப் பூட்டு விடவில்லை. சாயந்திரம் சிக்னலே போய்விட்டது. அவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டார் போல.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2023 மே மாதம் நாடு முழுவதும் நீங்கள் கொண்டுவந்த, தொலைந்த போனை முடக்கும் சிஇஐஆர் முறையே அப்படித்தான்: போலீசில் புகார், அதே எண்ணுக்குப் புது சிம், அப்புறம் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து முடக்கம். திருட்டுப் போனுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் புது சிம் வேலை செய்ததும் பழைய சிம் செத்துவிடுகிறது. எடுத்து வைத்திருப்பவனை அவர் கூப்பிட வழியே இல்லை. சரி, என் சிம்மைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், முடக்கிய போனில் யார் சிம் விழுந்தாலும் தகவல் போலீசுக்குப் போகுமாமே!

உங்கள் தளத்தில் ‘கிடைத்த போன்’ என்றும் ஒன்று இருக்கிறது. முடக்கத்தை நீக்குவதற்கு. அதற்கு, முடக்கும்போது கிடைத்த கோரிக்கை எண் வேண்டும். அது தொலைத்தவரிடம் அல்லவா இருக்கும்?

நான் கேட்பது ஒன்றுதான். எடுத்தவரும் பதிவு செய்ய ஒரு வழி வையுங்கள். சிம்மின் மேல் நீளமாக ஓர் எண் அச்சடித்திருக்கிறது. சிம் வாங்கும்போது மாற்று எண்ணும் கேட்டு வாங்குகிறார்கள். முதலாவதை நான் கொடுத்தால் இரண்டாவதுக்கு, போன் இன்ன ஸ்டேஷனில் இருக்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி போகட்டும். அவர் பெயரோ எண்ணோ எனக்கு வேண்டாம்.

ஸ்டேஷனில் கொடுத்தால் போதாதா என்பீர்கள். கொடுத்தேன். எங்கே எடுத்தாய், கூட யார் இருந்தார்கள், ஆதார் எங்கே? போனைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள். ரசீது கேட்டேன், சிரித்தார்கள். அவர் புகார் கொடுத்தது எந்த ஊர் ஸ்டேஷனோ, யாருக்குத் தெரியும்?

பேசாமல் வைத்துக்கொண்டு அனுபவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 314ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. அது நியாயம்தான். 2025 கடைசியில், தொலைந்த போனை முடக்க உதவும் உங்கள் சஞ்சார் சாத்தி செயலியைப் புதுப் போன் எல்லாவற்றிலும் ஏற்றியே விற்க வேண்டும் என்று உத்தரவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டுவிட்டீர்கள். நாட்டிலுள்ள அத்தனை போனுக்குள்ளும் நுழையப் பார்த்த துறைக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பெரிய வேலையா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் பதிவு செய்யும் அந்த ஒரு வசதியை, முடிந்தால் தமிழிலும், சேர்த்துத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரன்