லீவுக்கு முன் படிக்க இரண்டு புத்தகம்

வணக்கம் உறவுகளே. டிசம்பர் லீவில் ஊருக்குப் போகும்போது அரியலூர்ப் பக்கம் புதைபடிவம் பார்க்கப் போவதாகச் சிலர் சொன்னீர்கள். எதைப் படித்துவிட்டுப் போகலாம் என்று கேட்டவர்களுக்கு இது.

முதலில் நீல் ஷூபின் எழுதிய 'யுவர் இன்னர் ஃபிஷ்' (2008). 2004-இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் அவர் குழு கண்டெடுத்த டிக்டாலிக்தான் கதாநாயகன். சுமார் 37.5 கோடி ஆண்டு பழைய மீன்; ஆனால் துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பு! எந்த வயதுப் பாறையில் தேட வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துப் போனார்கள் பாருங்கள், அந்த அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். சுத்தியலைத் தூக்குமுன் நிலவியல் வரைபடம் ஏன் வேண்டும் என்று புரியும்.

அடுத்தது ஸ்டீபன் ஜே கூல்டின் 'ஒண்டர்ஃபுல் லைஃப்' (1989). எழுத்து அபாரம், அறிவியல் கொஞ்சம் பழசு. அதில் முள்காலால் நடக்கும் ஹலூசிஜீனியா என்ற பழங்காலக் கடல் உயிரியை 1991-இல் ஆய்வாளர்கள் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். முட்கள் முதுகில் இருந்தவையாம். பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

வாங்குமுன் இங்கே சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தில் தேடுங்கள். இங்குள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளையும் ஒருமுறை நின்று பார்த்துவிடுங்கள்.

அரியலூர்ப் பக்கம் போனால் பார்க்கக்கூடிய சாத்தனூர் கல்மரம் (கல்லாகிப்போன பழங்கால மரம்) தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். படம் மட்டும் எடுங்கள், சில்லுகூட எடுக்காதீர்கள். வேறு நல்ல புத்தகம் தெரிந்தால் இங்கேயே போடுங்கள்.