சோணகிரின்னு எழுதினது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கிரேக்கப் புராணத் தொடர்ல ஆம்ஃபிட்ரியோனை "ஏமாந்த சோணகிரி"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. உங்களுக்குத் தெரியாததில்ல, அந்த மனுஷன் ஊர் சுத்தப் போகல. தன்னோட அண்ணன் தம்பிங்க சாவுக்குப் பழிவாங்கினாத்தான் குடும்பம் நடத்துவேன்னு அவர் சம்சாரம் அல்க்மேனா சொன்னதால தாஃபோஸ் தீவுக்காரங்க மேல படையெடுத்துப் போனாரு, அந்தப் படைக்கு ஆள் உதவி கிடைக்கணும்னு தீப்ஸ் நகரத்துல யார் கையிலயும் சிக்காத நரி ஒண்ணை ஒழிக்க வேற அலைஞ்சாரு. ஜெயிச்சுத் திரும்புற நேரம் பார்த்து தேவராஜன் ஜீயஸ் அவர் உருவத்துலயே வந்து, போர்க்கதையெல்லாம் தான் பார்த்த மாதிரி சொல்லி, ஒரு ராத்திரியை மூணு ராத்திரியா இழுத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் நிஜப் புருஷன் ஆசையா வந்து நின்னா, நேத்தே வந்தீங்களேங்குறா. திரேசியாஸ் ஜோசியர் சொல்லித்தான் விஷயமே தெரியுது. நம்ம கௌதமருக்காவது சாபம் குடுக்கத் தெரியும், இவருக்கு அதுவும் இல்ல.

நான் கத்தார்ல இருந்தப்ப எவனோ என் போட்டோவை வெச்சு, ஜலதோஷம்னு குரலை மாத்தி, வீட்டம்மாகிட்ட 40,000 ரூபா கறந்துட்டான். நான் லீவுல வந்து சாப்பிட உக்காந்தப்ப, "அந்தப் பணம் வந்துச்சாங்க?"ன்னா. சாம்பார் கரண்டி அப்படியே நின்னுச்சு. இன்னிக்கும் சொந்தக்காரங்க எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்க, எடுத்தவனை ஒருத்தரும் திட்டல, உங்க கட்டுரையும் அதே ஜாதி.

இது முதல் தடவையும் இல்ல. அந்த ராத்திரியில ஜீயஸுக்குப் பொறந்த ஹெராக்ளிஸோட வம்சப் படம் போட்டப்ப ஜீயஸ் பேர் மட்டும் கொட்டை எழுத்துல, தேர் ஓட்டக் கத்துக்குடுத்த வளர்ப்பு அப்பா ஆம்ஃபிட்ரியோன் பேரே இல்ல, ஆம்ஃபிட்ரியோனோட சொந்தப் புள்ள, ஹெராக்ளிஸ்கூட இரட்டையாப் பொறந்த இஃபிக்ளிஸும் இல்ல. குறுக்கெழுத்துல கிரேக்க வீரன்னு கேட்டு ஹெராக்ளிஸுக்குப் பதிலா ஹெர்குலிஸ்னு ரோமாபுரிப் பேரை விடையாக் குடுத்தீங்க. ரெண்டுக்கும் கடிதம் போட்டேன், பதில் இல்ல. பக்கம் குறைஞ்சு விலை ஏறினதைப் பத்தி எழுதினதையும் ரெண்டு வரியா வெட்டிப் போட்டீங்க, நன்றி.

1668ல பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேர் இந்தக் கதையை நாடகமாப் போட்டதுக்கப்புறம் பிரெஞ்சுக்காரங்க விருந்து குடுக்குறவருக்கே ஆம்ஃபிட்ரியோன்னு பேர் வெச்சிட்டாங்க. வீட்டை இழந்தவன் பேர்ல விருந்து! அவங்களாவது மரியாதையா வெச்சாங்க.

அடுத்த இதழ்ல ஒரு வரி திருத்தம் போடுங்க. சோணகிரியை எடுத்துட்டு தளபதின்னு போட்டா போதும். இடம் இருந்தா இஃபிக்ளிஸ் பேரையும் சேத்துக்கோங்க.

இப்படிக்கு,
19 வருஷ சந்தாதாரர்