அந்தக் கடைசிப் பத்து விநாடி

நோவை, மிச்சிகன்
அக்டோபர் 20, 2015

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி மிச்சிகன் ஸ்டேட் அணியிடம் தோற்ற சனிக்கிழமை இரவு "அப்புறம் பேசறேன் அப்பா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தவள், அதன் பிறகு அம்மாவிடமும் ஒற்றை வார்த்தையில்தான் பேசுகிறாய். தம்பியின் அழைப்பை நீ எடுக்கவே இல்லை என்று அவன் சொன்னான். நேரில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் எழுதினால் நீ நிதானமாகப் படிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

விளையாட்டுதானே என்று நான் சொல்லப் போவதில்லை. வெற்றியும் தோல்வியும் வீரர்க்கு அழகு என்று நம் ஊரில் வழக்கமாகச் சொல்லும் வார்த்தையையும் இப்போது உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கில், மாணவர் வரிசையில் மாலை முழுவதும் நின்றுகொண்டே பார்த்தவள் நீ. ஹார்பா பயிற்சியாளராக வந்த முதல் ஆண்டிலேயே, யூட்டாவிடம் தோற்றுத் தொடங்கிய அணி, பி.ஒய்.யு., மேரிலாந்து, நார்த்வெஸ்டர்ன் என்று மூன்று அணிகளை அடுத்தடுத்து ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் வென்றபோது, பல ஆண்டுகளாகக் காத்திருந்த காலம் வந்துவிட்டதென்று நம்பினாய். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. ஆட்டம் முழுவதும் ஒருமுறைகூடப் பின்தங்காத அணி, 23க்கு 21 என்று முன்னிலையில் நிற்க, கடிகாரத்தில் பத்தே விநாடி மிச்சமிருந்த நிலையில் தோற்றால் யாருக்குத்தான் நெஞ்சு பொறுக்கும்? தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வாயடைத்து நின்ற மாணவர்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் உன் முகம் தெரிகிறதா என்று அம்மா திரைக்கு அருகில் போய் நின்று தேடினாள்.

உன் வருத்தத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நீ சொன்ன ஒரு வாக்கியம், "எல்லாம் அந்த ஒருத்தனால் போச்சு" என்பது, எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

அந்தக் கடைசிப் பத்து விநாடியை நான் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் நான்காவது, இன்னும் இரண்டு யார்டு தேவை, பந்து அவர்களுடைய 47ஆவது யார்டு கோட்டில் இருக்கிறது. பந்தைத் தூர உதைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. எதிரணியோ உதைத்து வரும் பந்தைப் பிடிக்கப் பின்னால் ஒருவரைக்கூட நிறுத்தவில்லை. தடுப்பதற்காகவே எல்லோரையும் முன்னால் குவித்தார்கள். அப்படியிருந்தும் நம் அணியில் இருவர் வழக்கம்போல் இரண்டு ஓரங்களிலும் தள்ளியே நின்றார்கள். பந்தைப் பிடித்து ஓட ஆளே இல்லாதபோது அவர்கள் யாரைத் துரத்தப் போகிறார்கள்? அந்த இருவரும் உள்ளே வந்து உதைப்பவருக்குக் காவலாக நின்றிருக்கலாம். அந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டியவர்கள் களத்துக்கு வெளியே நின்ற பயிற்சியாளர்கள். பிறகு பந்து தாழ்வாக வந்தது. நீ "அந்த ஒருத்தன்" என்றாயே, நம் அணிக்காகப் பந்தை உதைக்கும் பிளேக் ஓ'நீல், அவர் அதைத் தடுமாறிப் பிடித்தார். அப்படியே அதன்மேல் விழுந்திருந்தாலும் நமக்கு வாய்ப்பு மிஞ்சியிருக்கும். ஆனால் உதைப்பதையே தொழிலாகப் பழகிய கால், அந்தக் கணத்திலும் உதைக்கத்தான் திரும்பியது. பந்து கையை விட்டுத் தெறித்து எதிரணியின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சனிடம் போய்ச் சேர்ந்தது. அவர் 38 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கடிகாரத்தில் நேரமே இல்லை. 27க்கு 23.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகம் முறிந்தால், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரை எழுதி அறிக்கையை முடிக்க எவரும் எங்களை விடமாட்டார்கள். வரைபடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வர வேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டே வந்தால் இந்தத் தோல்வி அந்தப் பத்து விநாடிக்கு வெகு முன்பே தொடங்கியது தெரியும். அன்று அவர்கள் 386 யார்டு முன்னேறினார்கள், நாம் 230 மட்டுமே. அந்த இடைவெளி ஆட்டம் முழுக்கத் தெரியாமல் போனதற்கு நம் தடுப்பாட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஓ'நீலேதான். அதே ஆட்டத்தில் அவர் ஒரு பந்தை 80 யார்டு தூரம் உதைத்தாரே, அப்போது நீயும் உன் தோழிகளும் துள்ளிக் குதித்திருப்பீர்கள். அந்தக் காலையும் கணக்கில் சேர்க்காமல் அவரை எப்படி எடைபோடுவது?

மெல்போர்னிலிருந்து இவ்வளவு தூரம் வந்து படிக்கிற பிள்ளை. அவருக்கு இணையத்தில் எழுதிக் குவித்த வசைகளைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஜிம் ஹாக்கெட் வெளிப்படையாகவே ஒரு கடிதம் எழுதிக் கண்டிக்க வேண்டியதாயிற்று. மிச்சிகனை நேசிப்பதாகச் சொல்கிறவர்கள், மிச்சிகனின் சட்டை அணிந்து ஆடியவரை அப்படி ஏசுவது என்ன நேசம் என்று எனக்குப் புரியவில்லை. நீ அப்படி எழுதியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். உன் எதிரில் யாராவது அப்படிப் பேசினாலும் நீ தலையாட்டக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

வென்ற பக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாட்ஸ்-ஜாக்சன் எல்லைக்கோட்டில் விழுந்ததும் சகவீரர்கள் மகிழ்ச்சியில் அவர்மேல் குவிந்தார்கள். அடியில் கிடந்தவருக்கு இடுப்பு மூட்டு விலகி எலும்பும் முறிந்திருந்தது. வாழ்நாளின் மிகப் பெரிய கணத்தை அந்தப் பிள்ளை வலியோடுதான் அனுபவித்தார். அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனார். இந்த ஆண்டு அவருக்கு இனி ஆட்டம் இல்லை. அதைக் கேட்ட பிறகு எனக்கு அவர்கள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் அடங்கியது.

தம்பியின் சங்கதிக்கு வருகிறேன். அவன் ஈஸ்ட் லான்சிங்கில், அந்த மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், சேர்ந்த நாளிலிருந்தே இந்த வீட்டில் இரண்டு கட்சி. 2007இல் உங்கள் அணியின் வீரர் மைக் ஹார்ட், மிச்சிகன் ஸ்டேட் அணியைத் "தம்பி" என்று ஏளனமாகச் சொன்னதை நீ எத்தனையோ முறை அவனிடம் சொல்லிச் சீண்டியிருக்கிறாய். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு அணிகளுக்கும் இடையே நடந்த எட்டு ஆட்டங்களில் ஏழில் அவர்களே வென்றிருக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் வெல்பவருக்குக் கிடைக்கும் பால் பன்யன் கோப்பையும் அங்கேயே இருக்கிறது. ஆகவே அவன் குதிப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை இரவு உனக்கு முன்னால் என்னை அழைத்தவன் அவன்தான். "அக்கா அரங்கத்துலதானே இருக்கா? அழுதாளாப்பா?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. உன்னை அழைத்தது கொக்கரிக்க அல்ல.

வரும் சனிக்கிழமை உங்கள் அணிக்கு ஆட்டம் இல்லை. 31ஆம் தேதிதான் மினசோட்டாவில் அடுத்தது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கிளம்பி வா. தம்பியும் வருகிறான். அதற்கு முன் அவனுக்கு ஒருமுறை போன் செய்துவிடு. நவம்பர் 28 அன்று ஒஹையோ ஸ்டேட் அணி உங்கள் ஊரான ஆன் ஆர்பருக்கு ஆட வரும்போது நானும் உன்னோடு அரங்கில் இருக்க ஆசைப்படுகிறேன்; சீட்டு கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அப்பா