மணல் கொட்டினால் லாரி வேகமெடுக்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் பிளஸ் 1 இயற்பியல் வினா-விடையில் ஒரு விடை தவறாக வந்திருக்கிறது. இன்ஜினை அணைத்த பிறகு உராய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் லாரியின் அடியில் ஓட்டை விழுந்து மணல் கொட்டுகிறது. உந்தம் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு) மாறாது என்பதால், நிறை குறையக் குறைய லாரியின் வேகம் அதிகரிக்கும் என்று போட்டிருக்கிறீர்கள். அதிகரிக்காது. அதே வேகத்தில்தான் லாரி போகும்.

ஓட்டையை விட்டு வெளியே வரும் மணல் அங்கேயே நின்றுவிடுவதில்லை. லாரியின் வேகத்திலேயே முன்னோக்கி நகர்ந்தபடிதான் கீழே விழுகிறது. தன் பங்கு உந்தத்தையும் கையோடு கொண்டுபோய்விடுகிறது. தரையில் பட்டு அது நின்றால், அது சாலைக்கும் மணலுக்கும் இடையிலான விவகாரம். லாரிக்கு அதில் பங்கில்லை. மாறாக, திறந்த ரயில் வேகனில் மழை நேராகக் கொட்டி நீர் சேர்ந்தால் வேகம் குறையும். வந்து விழும் நீருக்குக் கிடைமட்ட வேகம் கிடையாது, அதை வேகன்தான் தரவேண்டும். இதைப் படித்த மாணவர்கள், நிறை கூடினால் வேகம் குறைகிறது, அப்போது குறைந்தால் கூடத்தானே வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகள் வேறு வழியில் சறுக்குகிறார்கள். உந்தத்தைப் பெருக்கல் விதிப்படி வகையிட்டு (அதாவது அது மாறும் வீதத்தைக் கண்டுபிடித்து), திசைவேகத்தை நிறை மாறும் வீதத்தால் பெருக்கி, அதையும் ஒரு விசை என்று எழுதிவிடுகிறார்கள். லாரி வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது, மணல் வினாடிக்கு 20 கிலோ கொட்டுகிறது என்றால் 300 நியூட்டன் வரும். சரி, அந்த விசையை லாரிக்குக் கொடுப்பது யார்? பக்கத்திலேயே அதே வேகத்தில் பைக்கில் வருபவருக்கு லாரி நகராதது போலத் தெரியும்; அவர் கணக்குப் போட்டால் அது பூஜ்யம்! ஆளுக்கு ஆள் விசை மாறாது. நியூட்டனின் விதியை லாரி, மணல் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும்.

அப்படிச் செய்தால், வெளியேறும் பொருள் லாரியைப் பொறுத்து என்ன வேகத்தில் போகிறது என்பதே முக்கியம் என்று தெரியும். மணலுக்குக் கிடைமட்டத்தில் அது பூஜ்யம். நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் கட்டமோ வினாடிக்குச் சுமார் 13 டன் வாயுவை, ராக்கெட்டைப் பொறுத்து வினாடிக்குச் சுமார் 2.6 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளியது. பெருக்கினால் ராக்கெட்டைத் தள்ளிய விசை ஏறத்தாழ 3.4 கோடி நியூட்டன்.

நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகும் பிள்ளைகள் உங்கள் இணைப்பை வெட்டி ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். விடையை மட்டும் மாற்றிப் போடாமல், காரணத்தோடு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முதுகலை இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்